ஒரு வடிவம், இரு குறிவரிசை: ஒருங்குறியில் ‘ஸ்ரீ’ எழுத்தும் ஸ்ரீரங்கம் என்னும் ஊர்ப்பெயரும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் அச்சிலும் கையெழுத்திலும் ஒரே வடிவமாகக் காணப்படும் ‘ஸ்ரீ’, கணினியில் இரு வேறு எண்வரிசைகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில், 2005ஆம் ஆண்டு, ‘ஶ’ என்னும் எழுத்து தமிழ்ப் பகுதியில் சேர்க்கப்பட்டதன் விளைவு இது. அச்சேர்க்கை எழுத்து வரலாற்றின்படி சரியானது. ஆயினும் அதற்கு முன்பு உருவான தரவுகளும் பின்பு உருவான தரவுகளும் கண்ணுக்குத் தெரியாத வகையில் பிளவுபட்டன. இப்பிளவின் தோற்றத்தையும், ஒருங்குறியின் இயல்பாக்க விதிகளால் அது நீங்காமைக்கான காரணத்தையும், தேடல், அகரவரிசை, சொல்லெண்ணிக்கை ஆகியவற்றில் அது விளைவிக்கும் பிழைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. திருச்சிராப்பள்ளி வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் சான்றுகளாக அமைகின்றன. பிளவைக் களையும் பொறுப்பு தரவுத்தளங்களையும் மின்தொகுப்புகளையும் உருவாக்குவோரிடம் உள்ளது என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, ஸ்ரீ, ஶகரம், கிரந்தம், ஸ்ரீரங்கம், இயல்பாக்கம், மின்தொகுப்பு.

1. முன்னுரை

தமிழாய்வில் கணினித் தேடல் இன்று அன்றாடக் கருவியாகிவிட்டது. ஒரு சொல் ஒரு நூலில் எத்தனை இடங்களில் வருகிறது, எந்தக் காலத்திலிருந்து வழங்குகிறது, எந்த வட்டாரத்தில் மிகுதி என்பன போன்ற வினாக்களுக்கு மின்தொகுப்புகளிலிருந்து விடை பெறப்படுகிறது. அவ்விடைகள் ஆய்வேடுகளில் எண்களாகவும் அட்டவணைகளாகவும் இடம்பெறுகின்றன. இம்முறையின் அடியில் ஓர் எடுகோள் உள்ளது. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரு சொற்கள் கணினிக்கும் ஒன்றாகவே இருக்கும் என்பதே அது.

பெரும்பாலான தமிழ்ச் சொற்களுக்கு இவ்வெடுகோள் பொருந்தும். ‘ஸ்ரீ’ இடம்பெறும் சொற்களுக்குப் பொருந்தாது. ஸ்ரீரங்கம் என்று தட்டச்சு செய்து தேடும் ஆய்வாளர், அப்பெயர் தெளிவாக அச்சாகியுள்ள பக்கங்கள் சிலவற்றைத் தேடல் முடிவில் காணாமல் போகலாம். எழுத்துப் பிழை ஏதுமில்லை, தேடுபொறியிலும் பழுதில்லை. அவர் உள்ளிட்ட ‘ஸ்ரீ’யும் அப்பக்கங்களில் உள்ள ‘ஸ்ரீ’யும் வெவ்வேறு எண்களால் ஆனவை என்பதே காரணம்.

2. எழுத்தும் குறியெண்ணும்: மூன்று ஊர்ப்பெயர்கள்

ஒருங்குறி ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண்ணை வழங்குகிறது. அவ்வெண் குறியெண் எனப்படும். ஒருங்குறி ஆவணங்களில் இவ்வெண்கள் பதினாறடிமான முறையில் எழுதப்படுகின்றன. இக்கட்டுரையில் அவை பதின்ம எண்களாகத் தரப்படுகின்றன. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி 2944 முதல் 3071 வரையிலானது. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கு இங்கு எண்கள் உண்டு. உயிர்மெய்கள் இவற்றின் சேர்க்கையால் அமைகின்றன. ‘கீ’ என்பது ககரத்தின் எண்ணும் ஈகாரக் குறியின் எண்ணும் அடுத்தடுத்து நிற்பதாகும். இவ்வாறு நிற்கும் எண்களின் தொடர் இங்குக் குறிவரிசை எனப்படுகிறது. அதற்குரிய வடிவத்தைத் திரையில் வரைவது எழுத்துருவின் வேலை.

ஒரு சொல்லுக்கும் அதன் குறிவரிசைக்கும் உள்ள உறவு மூவகைப்படும். திருச்சிராப்பள்ளி மாநகரின் மூன்று பகுதிகளின் பெயர்கள் இம்மூன்றையும் காட்டும்.

முதலாவது, தென்னூர். இப்பெயர் 2980, 3014, 2985, 3021, 2985, 3010, 2992, 3021 என்னும் எட்டு எண்களால் ஆனது. எந்த விசைப்பலகையில் யார் முறையாகத் தட்டச்சு செய்தாலும் இவ்வரிசையே கிடைக்கும். இங்கு வடிவமும் ஒன்று, குறிவரிசையும் ஒன்று.

இரண்டாவது, பொன்மலை. இதன் முதலெழுத்தாகிய ‘பொ’வை இருவகையாகச் சேமிக்கலாம். பகரத்துடன் ஒகரக் குறியின் ஒற்றை எண்ணாகிய 3018 சேர்வது ஒருவகை. பகரத்துடன் ஒற்றைக் கொம்பு (3014), கால் (3006) ஆகிய இரண்டும் சேர்வது மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒன்றே என ஒருங்குறி தன் தரவு அட்டவணையிலேயே அறிவித்துள்ளது. 3018 என்பது 3014, 3006 ஆகியவற்றின் சேர்க்கை எனப் பகுத்துக் காட்டப்பட்டிருப்பதால், மென்பொருள்கள் ஒப்பிடுவதற்கு முன்பு ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ள முடியும். இச்செயலே இயல்பாக்கம். இங்குக் குறிவரிசை இரண்டாயினும் அவை நிகரானவை.

மூன்றாவது, ஸ்ரீரங்கம். இதன் முதலெழுத்துக்கு வழங்கும் குறிவரிசைகள் வருமாறு:

ஸகர வரிசை: 3000 (ஸ), 3021 (புள்ளி), 2992 (ர), 3008 (ஈகாரக் குறி)

ஶகர வரிசை: 2998 (ஶ), 3021 (புள்ளி), 2992 (ர), 3008 (ஈகாரக் குறி)

இரண்டும் இன்றைய எழுத்துருக்களில் பொதுவாக ஒரே வடிவமாகவே தோன்றுகின்றன. ஆனால் ஒருங்குறியின் நான்கு இயல்பாக்க வடிவங்களில் எதுவும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. ஒற்றை எண்ணின் வேறுபாட்டால் கணினிக்கு இவை இருவேறு சொற்களாகின்றன. பொன்மலைக்குக் கிடைத்த பாதுகாப்பு ஸ்ரீரங்கத்துக்குக் கிடைக்காமற்போனது ஏன் என்பதற்கு எழுத்தின் வரலாற்றையும் குறியேற்றத்தின் வரலாற்றையும் காணவேண்டும்.

3. வடிவத்தின் மூலம்

ஸ்ரீ என்பது வடமொழியில் அண்ணத்தில் பிறக்கும் ஶகரத்தை முதலாக உடைய சொல். பல்லில் பிறக்கும் ஸகரம் அதில் இல்லை. தமிழகத்தில் வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் ஶ, ஷ, ஸ ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த லளிதாங்குர பல்லவேசுவர கிருகத்தின் வடமொழிச் செய்யுட் கல்வெட்டு, பல்லவ கிரந்தத்தின் சிறந்த சான்றுகளுள் ஒன்று.

சோழர் காலக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்னும் மங்கலத் தொடருடன் தொடங்குகின்றன. முதற் பராந்தகன் காலந்தொட்டுக் கல்வெட்டுகள் கிடைக்கும் திருவரங்கம் பெரிய கோயிலிலும் இத்தொடக்கம் இயல்பாகக் காணப்படுவது. அடுத்துவரும் வாசகம் தமிழாயினும் இத்தொடக்கம் கிரந்தத்தில் பொறிக்கப்படும். இச்சிறு தொடரிலேயே இரு எழுத்துகளும் உள்ளன. ‘ஸ்வஸ்தி’யில் வருவது ஸகரம், ‘ஸ்ரீ’யில் வருவது ஶகரம். கல்லில் பொறித்தவர்கள் இரண்டையும் வேறுபடுத்தியே பொறித்தனர்.

பிற்காலத் தமிழ் எழுத்து ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவற்றுடன் ஸ்ரீயையும் கிரந்தத்திலிருந்து ஏற்றுக்கொண்டது. தனித்த ஶகரம் பொதுவழக்கில் நிலைபெறவில்லை. தமிழ் எழுத்தில் அச்சான வடமொழித் தோத்திர நூல்கள் போன்றவற்றிலேயே அது காணப்பட்டது. அவ்வெழுத்து உள்ளடங்கிய கூட்டு வடிவமாகிய ஸ்ரீ மட்டும் பெருவழக்காயிற்று. ஶகரம் மறைந்தபின் ஸ்ரீயின் உள்ளுறுப்பு எதுவென்ற நினைவும் மங்கியது. பொதுவழக்கில் அதற்கு நெருங்கிய எழுத்து ஸகரமே ஆகையால், ஸ்ரீ என்பது ‘ஸ்’ உடன் ‘ரீ’ சேர்ந்தது என்ற கருத்து இயல்பாகவே ஏற்பட்டது.

தமிழ் இலக்கண மரபு வேறு வழியைக் காட்டியது. வடசொற்கள் தமிழில் வரும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமையவேண்டும் என்பது தொல்காப்பியத்தின் கொள்கை. நன்னூல் வடசொல்லாக்க விதிகளை விரித்துரைக்கிறது. அவ்வழியில் ஸ்ரீ, ‘திரு’ எனவும் ‘சீ’ எனவும் ஆகும். திருவரங்கம், சீரங்கம் ஆகிய வழக்குகள் அவ்வாறு அமைந்தவை. ஆயினும் ஸ்ரீரங்கம் என்னும் வடிவம் ஆவணங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் அச்சு நூல்களிலும் நிலைபெற்றுவிட்ட ஒன்று. எழுதப்பட்டவற்றை ஆராய்பவருக்கு அதைத் தவிர்க்கும் வாய்ப்பு இல்லை.

4. வெற்றிடமாக இருந்த 2998

அச்சுக்கோப்பில் ஸ்ரீ தனி அச்செழுத்தாகவே இருந்தது. கணினியில் தொடக்க காலத்தில் பயன்பட்ட எட்டுபிட்டுக் குறியேற்றங்களும் அவ்வழியையே பின்பற்றின. திஸ்கியிலும், 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகியவற்றிலும் ஸ்ரீக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அம்மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகையிலும் அது ஒரே விசையில் அமைந்தது. உள்ளுறுப்பு ஶகரமா ஸகரமா என்ற வினாவுக்கு இம்முறைகளில் இடமே எழவில்லை.

ஒருங்குறியின் அணுகுமுறை வேறு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பு, இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியேற்றத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. எல்லா இந்திய எழுத்துகளும் தேவநாகரியின் வரிசையை ஒட்டி இணையாக அடுக்கப்பட்டன. ஓர் எழுத்தைத் தேவநாகரி பெற்றிருந்து தமிழ் பெறாதிருந்தால் அவ்விடம் வெற்றிடமாக விடப்பட்டது. தமிழ்ப் பகுதியில் 2997 வகரம், 2999 ஷகரம், 3000 ஸகரம். இடையில் தேவநாகரியின் ஶகரத்துக்கு இணையான 2998 வெற்றிடமாயிற்று.

கூட்டெழுத்துகளுக்குத் தனி எண் வழங்காமல் உறுப்புகளின் தொடராகக் குறிப்பதே இந்திய எழுத்துகளுக்கு ஒருங்குறி கொண்ட நெறி. ஆதலால் ஸ்ரீயும் உறுப்புகளாகப் பிரிக்கப்பட வேண்டியதாயிற்று. தேவநாகரியிலும் சிங்களத்திலும் அதற்குரிய ஶகரம் இருந்தமையால் சிக்கல் எழவில்லை. தமிழில் உரிய உறுப்பு பட்டியலில் இல்லை. கையிருப்பில் இருந்தவற்றுள் நெருங்கியது ஸகரம் என்பதால் ஸகர வரிசை வழக்குக்கு வந்தது. எழுத்துருக்கள் அவ்வரிசையைக் கண்டதும் ஸ்ரீ வடிவத்தைக் காட்டுமாறு அமைக்கப்பட்டன. 2005 மார்ச்சில் 4.1ஆம் பதிப்பு வெளிவரும் வரை உருவான ஒருங்குறித் தமிழ்த் தரவுகள் இவ்வாறே சேமிக்கப்பட்டன.

அப்பதிப்பு 2998ஆம் எண்ணில் ஶகரத்தைச் சேர்த்தது. அதன் விளைவாக ஸ்ரீக்குச் சிறந்த குறிவரிசை ஶகர வரிசையே என ஒருங்குறி ஆவணம் அறிவித்தது. எனினும் செயலாக்கங்கள் மெதுவாகவே மாறின. பழைய தரவுகள் மாற்றப்படவில்லை. பழைய எழுத்துருக்களில் ஶகரம் வெற்றுப் பெட்டியாகத் தெரிந்ததால் மென்பொருளாளர் பலர் ஸகர வரிசையையே தொடர்ந்தனர். இன்று இரண்டும் பரவலாக உள்ளன என்பதை ஒருங்குறி ஆவணமே ஒப்புக்கொண்டு, இரண்டையும் நிகராகக் கருதிச் செயல்படுமாறு பரிந்துரைக்கிறது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. எந்த வரிசை பதிவாகிறது என்பதைத் தட்டச்சு செய்பவர் தீர்மானிப்பதில்லை. ஒரே விசையை அழுத்தினாலும் ஒரு மென்பொருள் ஸகர வரிசையையும் மற்றொன்று ஶகர வரிசையையும் உள்ளிடும். இது எழுதுபவரின் வழக்கோ வட்டார வேறுபாடோ அன்று. ஆகவே மொழியியல் விளக்கம் எதற்கும் உட்படாதது.

5. நிகர்மை விதியால் தீராமைக்குக் காரணம்

ஒருங்குறி இரண்டையும் நிகரெனப் பரிந்துரைக்கிறது என்றால், பொன்மலையின் ‘பொ’வைப் போல இயல்பாக்கத்தில் சேர்த்துவிடலாமே என்னும் வினா எழும். அதற்கு இரு தடைகள் உள்ளன.

முதல் தடை, இயல்பாக்கத்தின் அமைப்பைச் சார்ந்தது. ஒரு தனி எண்ணைப் பல எண்களாகப் பகுப்பதே அதன் அடிப்படை. ஒகரக் குறிக்கு 3018 என்னும் தனி எண் இருப்பதால் அதைப் பகுத்துக் காட்ட முடிந்தது. ஸ்ரீக்குத் தனி எண் இல்லை. அதன் இரு வடிவங்களும் நான்கு எண்களின் தொடர்கள். ஒரு தொடரை மற்றொரு தொடருக்கு நிகராக்கும் வசதி இயல்பாக்க விதிகளில் இல்லை.

ஶகரத்தையே ஸகரத்துக்கு நிகராக்கிவிடலாம் என்பாரும் உளர். அது பிழையான வழி. வடமொழிப் பகுதிகளில் இவ்விரு எழுத்துகளும் பொருளை வேறுபடுத்துகின்றன. ‘ஶகலம்’ என்பது துண்டு. ‘ஸகலம்’ என்பது முழுமை. இரண்டையும் ஒன்றாக்கினால் எதிர்ப்பொருள் தரும் சொற்கள் ஒன்றாகிவிடும்.

இரண்டாம் தடை, நிலைப்புக் கொள்கை. ஒருமுறை வழங்கிய எண்ணை நீக்குவதில்லை, இடம் மாற்றுவதில்லை, அதன் இயல்பாக்க முடிவை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதிமொழி. உலகெங்கும் சேமிக்கப்பட்டுள்ள ஆவணங்கள் நாளையும் இன்று போலவே படிக்கப்பட வேண்டும் என்பதற்கான காப்பு அது. காப்பாக அமைந்த அவ்வுறுதிமொழியே இங்குத் திருத்தத்துக்குத் தடையாகவும் அமைகிறது.

ஸ்ரீக்குப் புதிதாகத் தனி எண் கேட்பதும் தீர்வாகாது. அவ்வாறு வழங்கப்பட்டால் இரண்டாக உள்ள வரிசைகள் மூன்றாகும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியுடன் ஏற்ற அனைத்தெழுத்துக் குறிமுறையாகிய டேஸ்16 உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தருகிறது. ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அதை அறியாத மென்பொருள்களுக்கு அவ்வெண்கள் பொருளற்றவை.

6. ஒப்பீடு: திஃபினாக்

ஶகரம் சேர்க்கப்பட்ட அதே 4.1ஆம் பதிப்பில்தான் வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களாகிய அமாசிக் இனத்தவரின் திஃபினாக் எழுத்தும் 55 குறியெண்களுடன் ஒருங்குறியில் இடம்பெற்றது. மொரோக்கோவில் 2001இல் நிறுவப்பட்ட அமாசிக் பண்பாட்டு அரச நிறுவனம் சீரமைத்த எழுத்துமுறை, 2003இல் அந்நாட்டில் அமாசிக் மொழிக்கு ஏற்கப்பட்டிருந்தது. சகாராப் பாலையின் துவாரெக் மக்கள் எழுதும் மரபு வடிவங்களும் அப்பகுதியிலேயே அடங்கின.

துவாரெக் வழக்கில் இடையில் உயிரொலி இன்றி வரும் இரு மெய்களை ஒரே வடிவாக இணைத்தெழுதும் முறை உண்டு. அக்கூட்டு வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வழங்கப்படவில்லை. 2010இல் 6.0ஆம் பதிப்பில் மெய்யிணைப்புக் குறி ஒன்று சேர்க்கப்பட்டது. இரு மெய்களுக்கிடையே அக்குறி நின்றால் எழுத்துரு கூட்டு வடிவத்தைக் காட்டும். ஸ்ரீயில் புள்ளி ஆற்றும் பணியும் இத்தகையதே.

ஆனால் சிக்கலின் திசை வேறு. திஃபினாக்கில் ஒரே குறியெண் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு வடிவம் பெறுவதுண்டு. தமிழ் ஸ்ரீயில் ஒரே வடிவத்துக்குக் குறிவரிசைகள் இரண்டு. முன்னதில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. எழுத்துருவை மாற்றினால் நீங்குகிறது. பின்னதில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் நீங்குவதுமில்லை. வடிவத்தை அன்றி எழுத்தைக் குறியேற்றம் செய்வதே ஒருங்குறியின் கொள்கை. வடிவத்துக்குப் பின்னுள்ள எழுத்து எதுவென்று தொடக்கத்திலேயே துணிய முடியாதபோது என்ன நேரும் என்பதற்கு ஸ்ரீ சான்றாகிறது.

7. ஆய்வில் விளையும் பிழைகள்

இப்பிளவு ஆய்விலும் அன்றாடப் பயன்பாட்டிலும் நான்கு வகையில் வெளிப்படுகிறது.

தேடல்: ஸகர வரிசையில் தேடினால் அவ்வரிசையில் உள்ளவை மட்டும் கிடைக்கும். முடிவு வெறுமையாக இருந்தால் ஆய்வாளர் ஐயுற்று வேறு வகையில் தேடுவார். பாதி முடிவுகள் கிடைக்கும்போது ஐயத்துக்கு இடமில்லை. முழுமையற்ற முடிவு முழுமையானதாகவே தோற்றமளிக்கும். பிழையின் கடுமை இதில்தான் உள்ளது.

அகரவரிசை: குறியெண் வரிசைப்படி அடுக்கும் பட்டியலில் ஶகர வரிசையில் பதிவான ‘ஸ்ரீதரன்’ முதலில் வரும், அடுத்து ‘ஷண்முகம்’ வரும், அதற்கும் பின்னர் ஸகர வரிசையில் பதிவான ‘ஸ்ரீதரன்’ வரும். நூலகப் பட்டியலில் ஓர் ஆசிரியரின் நூல்கள் இரு இடங்களில் சிதறும். முதலிடத்தைக் கண்டவர் இரண்டாமிடத்தைத் தேடமாட்டார்.

எண்ணிக்கை: சொல்லடைவு தயாரிக்கும் மென்பொருள் ஒரே சொல்லை இரு சொற்களாகக் கணக்கிடும். பல மூலங்களிலிருந்து திரட்டிய தொகுப்பில் இரு வரிசைகளும் கலந்திருக்கும். 2005க்கு முற்பட்ட மின்பதிப்புகளையும் பிற்பட்டவற்றையும் ஒப்பிட்டு, ஒரு பெயரின் வழக்கு குறைந்தது என்றோ பெருகியது என்றோ கூறுவது மென்பொருள் மாற்றத்தை மொழிமாற்றமாகக் கொள்ளும் பிழைக்கு இடந்தரும்.

பெயர்ப்பொருத்தம்: ஸ்ரீதர், ஸ்ரீனிவாசன், ஜெயஸ்ரீ, ஸ்ரீதேவி போன்ற ஆட்பெயர்கள் தமிழகத்தில் மிகுதி. இரு வேறு தரவுத்தளங்களில் பதிவான பெயரைக் கணினி ஒப்பிடும்போது, அச்சிட்ட தாளில் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும் பெயர் பொருந்தாததாகக் காட்டப்படலாம். உரியவர் தம் பெயரில் பிழை எங்குள்ளது என்று அறிய வழியே இல்லை.

இணைய முகவரிகளில் இவ்வேறுபாடு ஏமாற்றுக்கும் இடமளிக்கும். ஒரே தோற்றமுடைய இரு முகவரிகளை இருவர் பெற்றுவிட முடியும். இதனை முன்னுணர்ந்தே, இணையத்தின் மேல்நிலைக் களப்பெயர்களுக்காக வகுக்கப்பட்ட தமிழ் விதிகள் இரு ஸ்ரீ வரிசைகளையும் மாற்றுருக்களாக அறிவித்துள்ளன. ஒன்று ஒருவருக்கு வழங்கப்பட்டால் மற்றொன்று பிறருக்குச் செல்லாது. ஒருங்குறிக்குள் தீர்க்க இயலாத ஒன்றை அதைப் பயன்படுத்தும் நிலையில் விதி வகுத்துத் தீர்க்கலாம் என்பதற்கு இது முன்மாதிரி.

8. மின்தொகுப்புகளுக்கான நெறிமுறை

மேற்கண்டவற்றிலிருந்து தமிழ் மின்தொகுப்புகளுக்குரிய நெறிகள் சிலவற்றை வகுக்கலாம்.

அ. மூலப்பாடமும் தேடற்பாடமும் வேறாக இருத்தல் வேண்டும். பெறப்பட்ட பாடத்தை உள்ளவாறே காத்து, தேடலுக்கான அகரவரிசைக் கோப்பில் மட்டும் இரு வரிசைகளையும் ஒன்றாக்குவது தக்கது. பயனர் உள்ளிடும் தேடுசொல்லும் அதே மாற்றத்துக்கு உட்படவேண்டும்.

ஆ. இம்மாற்றம் நான்கு எண்களும் தொடர்ந்து வரும் இடத்துக்கு மட்டுமே உரியது. முன்னர்க் காட்டிய ஶகலம், ஸகலம் போன்ற சொற்களை அது தொடக்கூடாது. குறில் இகரம் பெற்ற ‘ஆஶ்ரிதர்’ போன்றவற்றுக்கும், தகரம் இடைநிற்கும் ‘ஸ்த்ரீ’ என்பதற்கும் இது பொருந்தாது. ஸகரத்தையடுத்து நேரடியாக ‘ரீ’ வரும் வடசொற்கள் மிக அரியவை ஆதலின், இவ்வரையறைக்குள் மாற்றத்தால் பொருள் மயக்கம் நேர வாய்ப்பு குறைவு.

இ. புதிதாக உருவாக்கப்படும் பாடங்களில் ஶகர வரிசையைப் பின்பற்றுவதே முறை. ஒருங்குறியின் பரிந்துரையும் எழுத்து வரலாறும் அதில் ஒன்றுபடுகின்றன.

ஈ. கல்வெட்டுப் பாடங்களில் மேலும் ஒரு கூறு உண்டு. திருவரங்கம் கோயிற் கல்வெட்டுகளைக் கொண்ட 24ஆம் தொகுதி உள்ளிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள், கிரந்தப் பகுதியைத் தமிழிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் மரபைச் சார்ந்தவை. கிரந்த எழுத்தைக் குறியேற்றம் செய்வது குறித்து 2010இல் கடும் விவாதம் எழுந்தது. தமிழுக்கே உரிய எழுத்துகள் சிலவற்றைக் கிரந்தப் பகுதியில் சேர்க்கும் முன்மொழிவுக்கு எதிர்ப்புத் தோன்றியது. தமிழக அரசு முடிவை ஒத்திவைக்கக் கோரியது. இறுதியில் 2014இல் 7.0ஆம் பதிப்பில் 70400 முதல் 70527 வரையிலான தனிப்பகுதி கிரந்தத்துக்குக் கிடைத்தது. எனவே ‘ஸ்வஸ்திஸ்ரீ’ இன்று கிரந்தப் பகுதியின் எண்களாலும் பதிவாகலாம். கல்வெட்டுத் தொகுப்பின் தேடலில் அதனையும் கருதவேண்டும்.

உ. குறியேற்ற வேறுபாட்டையும் சொல் வேறுபாட்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. ஸ்ரீயின் இரு வரிசைகள் ஒரே சொல்லின் இரு பதிவுகள். அவற்றைக் கணினி தானாகவே ஒன்றாக்கலாம். ஸ்ரீரங்கம், திருவரங்கம், சீரங்கம், அரங்கம் ஆகியவை வேறுவேறு சொல்வடிவங்கள். அவற்றின் தேர்வில் காலமும் நடையும் சமயமும் மொழிக்கொள்கையும் உள்ளன. அவற்றை ஒன்றாக்குவதும் பிரிப்பதும் ஆய்வாளர் தம் வினாவுக்கேற்ப முடிவு செய்யவேண்டியவை.

ஊ. எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஆய்வேடுகள், தேடலில் எக்குறிவரிசைகள் கொள்ளப்பட்டன என்பதை ஆய்வு அணுகுமுறைப் பகுதியில் ஒரு தொடரிலாவது குறிப்பிடவேண்டும். பதிப்பாய்வில் எச்சுவடியிலிருந்து பாடம் கொள்ளப்பட்டது என்று குறிப்பிடுவதற்கு இணையானது இது.

9. முடிவுரை

ஸ்ரீயின் இரட்டைக் குறிவரிசை எவருடைய கவனக்குறைவாலும் விளைந்ததன்று. பொதுவழக்கில் இல்லாத ஶகரத்துக்கு 1991இல் இடம் தரப்படாதது இயல்பு. உரிய எழுத்து கிடைத்தபோது 2005இல் உறுப்பைத் திருத்தியதும் சரி. பழைய ஆவணங்களைக் காக்க நிலைப்புக் கொள்கை வகுத்ததும் தேவையானதே. தனித்தனியே நியாயமான இம்மூன்றும் சேர்ந்தபோது ஒரே வடிவம் இரண்டானது.

ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டல் தமிழகத்தில் பொது விவாதத்துக்கு உரிய ஒன்றாக இருந்துவருகிறது. 2020இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய அரசாணை பலத்த விவாதத்துக்குப் பின் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்குக் கிடைக்கும் இக்கவனம், அதன் அடியில் உள்ள எண்ணுக்கும் கிடைக்கவேண்டும். சுவடியைப் படிப்பவர் ஏட்டெழுத்தில் புள்ளியின்மையையும் ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு மயக்கத்தையும் அறிந்தே படிக்கிறார். மின்பாடத்தைப் படிப்பவருக்கும் அத்தகைய எழுத்தறிவு தேவைப்படுகிறது. நான்கு எண்களை ஒப்பிடும் சிறு விதி ஒன்றைத் தேடலில் சேர்த்தால், பதிவுகளில் பிரிந்து கிடக்கும் ஸ்ரீரங்கம் ஒன்றாகக் கிடைக்கும். அவ்விதியைச் சேர்ப்பது மின்தொகுப்பை உருவாக்குவோரின் கடமை. சேர்க்கப்பட்டுள்ளதா எனச் சரிபார்ப்பது அதைப் பயன்படுத்தும் ஆய்வாளரின் கடமை.